டாங்கி வாசல்

டாங்கி பறக்கிறது, நான் அதன் கயிற்றில் தொங்கிக்கொண்டு கெஞ்சுகிறேன், இறங்கு ராசா, நீ இரும்பு, இரும்பு பறக்கக் கூடாது, ஆனால் ராஜஸ்தான் காற்று யார் பேச்சைக் கேட்கும், ஒட்டகத்தையே ஊர் மாற்றி வைக்கிற காற்று அது, மூங்கிலும் கோணிச்சாக்கும் பெயிண்டுமாய் நாங்கள் கட்டிய டாங்கி எம்மாத்திரம், எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் என் போரே இதுதான், மேலேயிருந்து படம் பிடிக்கிற எதிரி இந்தப் பொய் டாங்கிகளை நம்ப வேண்டும், குண்டு இங்கேதான் விழ வேண்டும், ஏனென்றால் சற்றுத் தள்ளி, வலைக்கும் முள்செடிக்கும் அடியில் ஒளித்து வைத்திருந்த நிஜ டாங்கியில் என் தங்கையின் புருஷன் குணசீலன் இருக்கிறான், தலைப்பொங்கல்கூடக் கொண்டாடாத புது மாப்பிள்ளை. முதலில் நம் விமானமே பறந்து படமெடுத்துச் சோதிக்கிறது, படத்தை விரித்த கேப்டன் குருவில்லா, உங்க டாங்கியெல்லாம் சுடுகாடு மாதிரி கெடக்கு, ஆள் நடமாட்டமே இல்ல, ஆனா இது என்னய்யா என்று விரல் வைத்த இடத்தில், நிஜ டாங்கியின் வலைக்கு முன்னால், பளிச்சென்று ஓர் அரைவட்டம், கோடு கோடாய் விளக்குமாற்றுத் தடம், விடிந்ததும் மாப்பிள்ளை டாங்கிக்கு வாசல் கூட்டியிருக்கிறான், சந்திரனிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஏன் மாப்ள, இங்க யாரு கோலம் போட வர்றா என்றேன், கூட்டாத வாசல்ல மூதேவி உக்காருவா மச்சான் என்றான், கூட்டின வாசல்ல குண்டு உக்காருமேடா என்றதும் அவன் முகம் வெளுத்தது, எனக்கோ அந்த அரைவட்டத்துக்குள் தங்கையின் முகம் தெரிந்தது. சரி, அந்த வேலைய இங்க வந்து செய்யட்டும் என்றார் கேப்டன், உடனே மாப்பிள்ளை பொய் டாங்கி ஒவ்வொன்றின் முன்னாலும் மகாராஜா கல்யாணத்துக்குப் போலக் கூட்டினான், பீரங்கிக் குழாயில் பனியன்களைக் காயப்போட்டோம், அடுப்பு மூட்டிப் புகை விட்டோம், பிறகு தடத்தை மறைக்க அவனுடைய நிஜ டாங்கி வாசலில் சாம்பலும் ஒட்டகச் சாணமும் கொட்டப் போனால், என் கையால கொட்டமாட்டேன், நீயே கொட்டு மச்சான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், பெண் கொடுத்தவனுக்கு இதைவிடப் பேறு கிடைக்குமா, கூடை கூடையாகக் கொட்டினேன். எதிரி விமானம் வந்தது, வட்டமடித்தது, படம் பிடித்துக்கொண்டு போனது, மறுநாள் நடுப்பகலில் குண்டு விமானங்கள் வருகின்றன, பதுங்கு குழியில் நான் எல்லாச் சாமியையும் கூப்பிடுகிறேன், எங்க மேல போடு, இங்கயே போடு, இப்படி வேண்டிக்கொண்ட பைத்தியக்காரன் உலகத்தில் நான் ஒருவன்தான், போட்டான், மகராசன், அத்தனையையும் கோணிச்சாக்கின் மேலேயே போட்டான், இதோ டாங்கி பறக்கிறது, தீப்பிடித்த சாக்காய், மூங்கிலாய், பனியனாய், நான் கயிற்றைப் பிடிக்கவில்லை, போ ராசா, போய் வா என்று கை தட்டுகிறேன், அந்தப் பக்கம் சாணக் குவியலுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பித் தும்முகிறது, மச்சான், இப்பவாச்சும் கூட்டட்டுமா.