குளிர்விப்பான் கதவின் முள்

எங்கள் போர் விமானத்தின் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் குளிர்விப்பான் இறக்கைக்கு அடியில் இருந்தது. காற்றை விடும் அதன் கதவு விமானியின் கண்ணுக்குத் தெரியாது. வலது பக்கக் கைப்பிடியைச் சுற்றித்தான் அதைத் திறக்கவும் மூடவும் வேண்டும். கதவிலிருந்து விமானி அறைக்குள் வரும் மெல்லிய கம்பி ஒரு சின்ன உருளையைச் சுற்றி, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் முள்ளை நகர்த்தும். மின்சாரமெல்லாம் கிடையாது. முள் சொன்னால் விமானிக்கு அது வேதவாக்கு.

கம்பியை மாற்றினால் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே சுற்ற, மற்றவன் கதவடியில் மண்டியிட்டு "திறந்தாச்சு", "மூடியாச்சு" என்று கத்த வேண்டும். 1940 ஜனவரியில், வட கடலோரத்து எங்கள் தளத்தில், மெக்கானிக்கான நான் தனியாகவே மாற்றினேன். கூட்டாளி பட்டாணி சூப்புக்கு வரிசையில் நின்றான். பனிச்சேற்றில் மண்டியிட எனக்குச் சோம்பல், வேறு சாக்கு எதுவும் இல்லை. முள் கோடிக்குக் கோடி வழுக்கிப் போனது. திருப்தியாக இறங்கிவிட்டேன்.

கம்பியை உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தேன்.

விமானி சார்ஜன்ட் வோல்மர் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார்.

"டேய் எய்லர்ட், திறக்கிற பக்கம் சுத்துறேன், முள்ளு மூடுற பக்கம் போகுது?"

"போன வாரம் வரைக்கும் நீங்க ஓட்டினது வேற விமானம் சார்ஜன்ட். கைப்பழக்கத்தை விடுங்க, முள்ளைப் பாத்து சுத்துங்க."

"உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்டா. வாயைத் திறக்க விட மாட்ட போல."

சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

இருபது நிமிடம் கழித்து வானொலிக் கூடாரத்தில் கேப்டன் ரேபைனும் நானும் அவர் குரலைக் கேட்டோம். "எஞ்சின் கொதிக்குது. முள்ளு முழுத் திறப்புல நிக்குது. அப்பவும் சூடு ஏறிட்டே போகுது. கீழ கடல்."

கம்பியைத் தலைகீழாகச் சுற்றிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முள்ளை நம்பிக் கதவை இறுக மூடி வைத்திருக்கிறார்.

"எய்லர்ட், என்ன செய்யச் சொல்ல?" என்றார் கேப்டன்.

எதிர்ப்பக்கம் சுற்றச் சொல்லுங்கள் என்றால் போதும். ஆனால் அதைச் சொன்னால் எனக்கு ராணுவ நீதிமன்றம். "தெரியல கேப்டன்" என்றேன். அப்படிச் சொன்ன வாயை நானே வெறுக்கிறேன். ஒரு சிகரெட் பற்றவைக்கும் நேரம்தான் போயிருக்கும், தாங்க முடியாமல் கத்தினேன்: "முள்ளைப் பாக்க வேணாம், எதிர்ப்பக்கம் சுத்தச் சொல்லுங்க!"

கேப்டன் சொன்னார். மறுபடி மறுபடி சொன்னார். வானொலியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"அது ஏன் எதிர்ப்பக்கம்?"

"கதவு சிக்கியிருந்தா விடுபடுமேன்னு..."

அவர் நம்பிவிட்டார்.

வோல்மர் திரும்பி வரவே இல்லை. அவருடைய அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுபவர். மகனின் எஞ்சின் எப்படிக் கொதித்தது என்று கேட்டு எழுதியிருந்தார். கேப்டன் பதில் எழுதி, விவரமெல்லாம் சரிதானா பார் என்று என்னிடம் நீட்டினார். பறக்கும்போது உங்கள் மகன் குளிர்விப்பான் கதவைத் திறக்கத் தவறிவிட்டார் என்று இருந்தது.

இரண்டு முறை படித்தேன்.

"சரியா இருக்கு கேப்டன்" என்றேன்.