நாற்பது முடிச்சு

முடிச்சு விரலுக்கு அசையவில்லை. ரத்தம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஒர்லினா சவப்பெட்டிக்குள் குனிந்து, கணவன் படைக்குப் போன அன்று அவன் கோட்டு ஓரத்தில் காவலுக்காகத் தான் போட்டுவிட்ட நீல நூல் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"கத்தரிக்கோல் எடுத்துக்கட்டுமா அத்தை?"

"வெட்டுறதா? போட்டவதான் அவிழ்க்கணும். உயிரோட வந்தாலும் சரி, இப்படி வந்தாலும் சரி. கடி." மாமியார் மார்த்தெனா மகனின் ஒற்றைக் கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். மற்றக் கை வந்து சேரவில்லை. "மெதுவா இழுடி. அவனுக்கு வலிக்கும்."

நூல் ஒருவழியாக அவிழ்ந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. குளவித் தொழிற்சாலையின் சோதனை அதிகாரி சப்ரெக். தொப்பியைக் கழற்றினார், பெட்டியைப் பார்த்துத் தலைகுனிந்தார், பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே விரல்நீளத்துக்கு நீல நூல்.

குளவி என்பது வெர்னிய நாட்டுச் சிப்பாய் தோளில் வைத்து டாங்கியை அடிக்கிற ஏவுகணை. பறக்கும்போது அதன் வாலிலிருந்து மயிரிழைக் கம்பி ஒன்று அவிழ்ந்துகொண்டே போகும். சுடுகிறவன் டாங்கியைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தால் போதும், கம்பி வழியே அது திரும்பித் திரும்பிப் போய்ச் சேரும். கம்பி சுற்றும் பிரிவில் மூன்றாவது இருக்கை ஒர்லினாவுடையது.

"தெவ்ரான் சுட்டது நூறடி போய் மண்ணுல விழுந்துடுச்சும்மா. வெடிக்கல. கம்பி அறுந்திருக்கு. புகையை வெச்சு டாங்கி இவனைப் பார்த்துடுச்சு." சப்ரெக் குரலைத் தாழ்த்தினார். "நீ சுத்தின சுருளுக்குள்ள இது சிக்கியிருந்தது. திட்ட வரல நான். இந்த ஒண்ணுலதானா, இன்னும் இருக்கான்னு தெரியணும். இருந்தா இப்பவே சொல்லி, யாரும் சுடாதீங்கன்னு நிறுத்திடுவேன். சும்மா சந்தேகத்துக்கு நிறுத்த முடியாது, பசங்க கையில வேற ஆயுதமே இல்ல. நாளைக்குக் காலையில மறுபடி டாங்கி வருதாம்."

ஒர்லினா வாயைத் திறந்தாள். மார்த்தெனா அவள் முழங்கையைப் பிடித்தாள். "அடுப்புல பால் பொங்குது, வா."

சமையலறையில் அடுப்பு அன்று பற்றவைக்கப்படவே இல்லை.

"நாப்பது குளவியிலயும் காவல் முடிச்சு போடச் சொன்னது நீங்கதானே அத்தை. அவர் படைக்குப் போறது, எது அவர் தோளுக்கு வருமோ தெரியாது, எல்லாத்துலயும் போட்டுடுன்னு..."

"மெதுவாப் பேசு. சொன்னேன். கை உன்னோடது."

"முப்பத்தொன்பது இருக்கு அத்தை."

"என் புள்ளை போயாச்சு. மத்தவ புள்ளைக்கு நீ எதுக்கு அழற? புருஷனைக் கொன்னது உன் முடிச்சுன்னு அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு சொல்லப்போறியா? சொல்லு, போ. அப்புறம் அவன் குழிக்கு ஒரு பிடி மண்ணு போட வந்துடாதே. ஊர் விடாது. முதல்ல நான் விடமாட்டேன்."

திரும்பி வந்து ஒர்லினா பெட்டியைப் பார்த்துத்தான் பேசினாள். "எனக்குத் தெரிஞ்சு வேற இல்லீங்க."

"அப்ப ஒண்ணுதான்னு எழுதிடறேன்" என்றார் சப்ரெக். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. குப்பியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அவர் போன வழியே பக்கத்து வீட்டு பெல்கா பார்லிக் கஞ்சியோடு வந்தாள். அவள் மகன் வோரிமும் தெவ்ரானின் படைதான்.

"ரெண்டு வாய் குடிடி. குழிவரைக்கும் நடக்கணுமில்ல?" கிண்ணத்தை ஒர்லினாவின் கையில் திணித்தாள். "வோரிம் கடுதாசி போட்டிருக்கான். அவன்கிட்ட இன்னும் நாலு குளவி இருக்காம். எல்லாம் நம்ம ஒர்லினா சுத்தினதுடா, பயப்படாம சுடுன்னு எழுதிட்டேன்."

மார்த்தெனா மகனின் காலரைச் சரிசெய்தாள்.

"குடி, ஆறிடும்" என்றாள் பெல்கா.

ஒர்லினா குடித்தாள்.

பெட்டி தூக்க வந்த நால்வரும் மூடியை எடுத்தார்கள். மூத்தவர் வழக்கப்படி பெட்டியின் தலைமாட்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்ததா?"

முடிச்சுப் போட்டவள் பதில் சொல்லாமல் மூடக்கூடாது. பெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

"அவிழ்ந்தது" என்றாள் ஒர்லினா.

மூடி இறங்கியது. ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். அவளுடைய முன்பல் இடுக்கில் ஒரு நீல இழை மாட்டியிருந்தது. நாக்கால் துழாவிப் பார்த்தாள். வரவில்லை.