பொலி சொல்லும் முன்

இரண்டு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகுதான் எனக்குப் பெரிய நோய் பிடித்தது. எல்லோரும் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் சிவசாமி கங்காணி. "நீ எதுக்கு ஆயி ஏழாம் நம்பர் மலை ஏறிச் சாகணும்? கீழ கெழவிங்களோட புல்லு வெட்டிக்கிட்டு இரு. மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

எனக்கு முப்பத்தாறு வயதுதான். அந்தக் கூட்டத்துக்குப் போன எவளும் திரும்பித் தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டியதில்லை. இதில் கேவலம் என்னவென்றால், ஒரு வாரம் உட்கார்ந்து புல் வெட்டியதில் எனக்கே அது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

வாரம் முடிந்ததும் கங்காணியிடமே போய், "என் நிரை எனக்கு வேணுங்க" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை பொலி சொல்றதுக்குள்ள ஒன் நிரையில வந்து நில்லு. இல்லேன்னா பேச்சியம்மாவுக்குக் குடுத்துருவேன். அப்பறம் அழப்புடாது."

செடிக்கு நடுவே ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. கொழுந்தில் கை வைக்கும் முன் ஒருத்தி "பொலி" என்று குரல் கொடுப்பாள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அதன் பிறகு வருகிற எவளும் நிரைக்குள் கால் வைக்க முடியாது. குரல் கொடுப்பவள் நாகலெட்சுமி. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் குடத்தை முதலில் வைப்பது என்ற சண்டையில் எனக்கும் அவளுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

புல் வெட்டு முடிந்ததும் தினமும் மலை ஏறிப் பழகினேன். திங்கட்கிழமை, கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வரைக்கும்தான் முடிந்தது. மறுநாள் பாதை வளைவு வரை. புதன்கிழமை வளைவுக்கு மேலே கண் இருட்டி, ஒரு பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வியாழக்கிழமை உச்சியைத் தொட்டுவிட்டேன். ஆனால் மடச்சி நான், நாலு நாளும் வெயிலில் வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஆனி மழை கொட்டியது. தலையில் கம்பளி, முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து எல்லோரோடும்தான் கிளம்பினேன். பிள்ளைக்காம்பராவைத் தாண்டும்போதே கடைசி ஆளாகிவிட்டேன். நனைந்த கம்பளி பிணம்போலக் கனத்தது. வளைவு வந்தபோது மேலே பெண்கள் நிரைகளுக்குப் பிரிந்துகொண்டிருந்தார்கள். என் நிரையின் ஓரத்தில் பேச்சியம்மா நின்றாள்.

அந்தப் பாறை வந்தது. உட்கார், உட்கார் என்று முழங்கால் கெஞ்சியது. உட்கார்ந்தால் சாகும்வரை புல்தான் என்று எனக்குத் தெரியும். "போடி" என்று என்னையே வைதுகொண்டு, கம்பளியை உருவிப் பாறைமேல் வீசினேன். மழை முதுகில் சுரீரென்று இறங்கியது. மறுபடி காய்ச்சல் வந்தால் வரட்டும். இன்னும் பத்து அடி என்றேன். அது முடிந்ததும் இன்னும் பத்து அடி. கால் வழுக்கிய இடத்தில் வெட்கத்தை விட்டுக் கையாலும் ஏறினேன்.

"நாகலெட்சுமி, கொரல் குடு!" கங்காணி கத்துவது கேட்டது.

சத்தமில்லை.

"ஏய், வாயில என்னா கொழுக்கட்டையா? நேரம் போகுதுல்ல!"

"தொண்ட கட்டிக்கிச்சுங்க" என்று கரகரத்தாள் அவள். "செத்த பொறுங்க."

கங்காணி அவளைக் கண்டபடி ஏசினார். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள், மறுபடியும் இருமினாள். என் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

என் நிரையின் முதல் செடியை எட்டிப் பிடித்தேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பேச்சியம்மா விலகிக்கொண்டாள். நான் நிமிர்ந்து நின்றேன்.

"பொலியோ பொலி!"

தொண்டை கட்டியவளின் குரல் எதிர்மலை வரைக்கும் போனது. பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. அழுதுகொண்டே கொழுந்தில் கை வைத்தேன்.