கப்பலுக்குப் போகாத மூன்று மடல்கள்

வடகடல் தீவு நகரமான தோர்ஷாவ்னின் துறைமுகத்தை ஒட்டிய மாடி அறையில் பிர்னா பதினோரு ஆண்டுகளாக ஒரே வேலையைப் பார்த்துவந்தாள். வடகடலில் மீன்பிடிக்கும் ஏழு கப்பல்களின் ஆட்கள் வெளியே எங்கெங்கோ மின்னஞ்சல் கணக்கு வைத்திருந்தார்கள். அவளுடைய கணினி அவர்கள் சார்பில் அந்தந்த இடத்துக்குப் போய் மடல்களை எடுத்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, செயற்கைக்கோள் வழியே கப்பலுக்கு அனுப்பும். அந்த இணைப்பு மிக மெதுவானது. அதனால் பெரிய மடல்களை நிறுத்திவைக்கும்படி அவளே விதி எழுதியிருந்தாள். நின்றவற்றின் பட்டியலைத் தினமும் பார்ப்பதும் அவள் பொறுப்பு. எல்லாம் விளம்பரமாகவே இருந்ததால், பிப்ரவரியில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை கப்பலிலிருந்து ரெகின் கூப்பிட்டான். இயந்திர அறை ஆள்.

"பாதிரியார் இப்பதான் போன் பண்ணாரு. எங்கம்மாவ நேத்து அடக்கம் பண்ணிட்டாங்களாம். தங்கச்சி மூணு தடவ எழுதினாளாம். எனக்கு ஒண்ணுகூட வரலையே. கொஞ்சம் பாரேன் பிர்னா."

பார்த்தாள். மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம். முதலாவது வந்து ஒன்பது நாளாகியிருந்தது.

"இங்கதான் நின்னிருக்கு ரெகின். நான் பாக்கல."



"ஆறு வருஷமா தங்கச்சி என்கூடப் பேசல," என்றான். "எழுதியிருக்கா பாத்தியா." வைத்துவிட்டான்.

படங்களை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் அவனுக்கு அனுப்பினாள்.

"மெஷின் செஞ்சதுக்கு நீ ஏன் செத்த மீன் மாதிரி முழிக்கிற?" என்றான் பக்கத்து மேசை ஒத்மார்.

"மெஷின் பட்டியல் போட்டுச்சு. படிக்காதது நான்."

மறுநாள் காலை ரெகினின் ஊரான கிளாக்ஸ்விக் போனாள். தங்கை சுன்னுவா தாயின் வீட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"அவன் அனுப்பினானா உங்கள?"

"இல்ல. நான் வந்தது அவருக்குத் தெரியாது. நீங்க எழுதினது எதுவும் அவருக்குப் போய்ச் சேரல. என் தப்பு."

சுன்னுவா மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, பதில் வந்துச்சா, பதில் வந்துச்சான்னு. எழுதுவான்மான்னு சொன்னேன். மூணாவது தடவைக்கப்புறம், கல்லு மனசுக்காரன், விடுங்கன்னுட்டேன். அதுதான் அவங்க அவனப் பத்திக் கடைசியாக் கேட்டது." சற்று நிறுத்தி, "மடல் கெடச்சு அவன் கேப்டன்கிட்ட சொல்லியிருந்தா நார்வேயில எங்கயாவது இறக்கிவிட்டிருப்பாங்க. ரெண்டே நாள்ல வந்திருப்பான். இல்ல?"

"ஆமா," என்றாள் பிர்னா.

சுன்னுவா உட்காரச் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "கப்பல் என்னிக்கு வருது?" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கப்பல் வந்தது. மழையில் சுன்னுவா தனியே நின்றாள். பிர்னாவும் கொஞ்சம் தள்ளி நின்றாள். இறங்கிவந்த ரெகின் முதலில் பிர்னாவிடம்தான் வந்தான்.

"உன்னத் திட்ட ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன். இன்னிக்கு வேணாம்."

"எப்ப வேணும்னாலும் வாங்க. அங்கதான் இருப்பேன்."

அவன் தலையசைத்துவிட்டுத் தங்கையிடம் போனான். இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை. அவன் பையை அவள் வாங்கிக்கொண்டாள். அவன் விட்டுக்கொடுத்தான். காரில் ஏறி உட்கார்ந்தார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்த பிறகும் கார் கிளம்பவில்லை.