பந்துப் பங்கு

அளம்பிலுக்குத் தெற்கேயுள்ள அந்தக் கரைவலைப் பாட்டில், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டில், மீன் பங்கிடும்போது, ஒரு பங்கு விளையாடும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்படுவது வழக்கம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு குவியல், கயிறு இழுத்தவர்களுக்குத் தனித்தனிக் குவியல்கள், கோயிலுக்கு ஒன்று என்று எல்லாம் பிரித்து முடிந்த பிறகு, சம்மாட்டி அருளப்பு இரண்டு கை நிறைய அள்ளி ஓரமாகக் கொட்டுவார். அந்தச் சிறு குவியலுக்குப் பந்துப் பங்கு என்று பெயர். அதை விற்ற காசு பள்ளிக்கூடத்து ஞானமலர் ரீச்சரின் வீட்டு அலுமாரியில், ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் சேரும். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அந்தப் பேணியைத் திறந்து காட்டும்படி கேட்டதில்லை.

பந்தைத் தவிர அங்கே விளையாட்டுக்கு வேறு செலவு கிடையாது. மணல் கடலுடையது, கோல் கம்பங்கள் நான்கு துடுப்புகள், நடுவர் மூக்கன், விசில் அவருடைய இரண்டு விரல்கள். ஆனால் அந்த ஒரு பந்து இருக்கிறதே, அது வவுனியாவில் ஒரு விலைக்கு விற்கும். சோதனைச் சாவடிகளையெல்லாம் கடந்து வன்னிக்குள் வந்து சேரும்போது, அதே பந்துக்கு நான்கு மடங்கு கொடுக்க வேண்டும்.

அந்தப் பங்கைத் தொடக்கி வைத்தவன் ரீச்சரின் தம்பி ஸ்ரனிஸ்லஸ். பாட்டின் பந்தணிக்குத் தலைவனாக இருந்த காலத்தில், ஈரச் சாறத்தோடு அருளப்பின் முன்னால் நின்று கேட்டு வாங்கியவன். தொண்ணூறாம் ஆண்டில் அவன் கனடாவுக்குப் புறப்பட்டபோது, பொடியளின் காலுக்குச் சப்பாத்து அனுப்புவேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனான். சப்பாத்து வரவில்லை. கடிதங்கள் வந்தன. பங்கைத் தொடக்கி வைத்தவனின் கடிதம் எல்லோருக்கும் உரியது என்று, அவற்றைக் கரையில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் உடைத்து வாசிப்பதே ரீச்சரின் முறையாயிற்று.

தொண்ணூற்றெட்டில் வந்த கடிதம் கரையையே வியப்பில் ஆழ்த்தியது. அங்கே ஒரு பிள்ளை பந்தடிப்பதற்கு ஒரு பருவத்துக்கு முந்நூறு டொலர் கட்ட வேண்டுமாம். தன் மகன் யதுசன் விளையாட ஆசைப்படுகிறான் என்றும், கட்ட வழியில்லாமல் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறான் என்றும் ஸ்ரனிஸ்லஸ் எழுதியிருந்தான்.

"பந்தடிக்கக் காசோ? என்ன கண்டறியாத கதை இது!" என்றார் மூக்கன். "அப்ப நான் ஊதுற விசிலுக்கு இவ்வளவு காலமும் சம்பளம் வந்திருக்க வேணுமே, சம்மாட்டி?"

"நீ பிழையா ஊதினதுக்குத் தண்டம் கழிச்சால் நீதான் எனக்குத் தரவேணும்," என்றார் அருளப்பு.

சிரிப்பு அடங்கிய பின்னும் மூக்கன் விடவில்லை. "இல்லை ரீச்சர், எங்கட அண்ணன்ர மகள் பிரியந்தினி ஜேர்மனியிலை இருக்கிறாள். அங்கை வருசத்துக்கு ரெண்டு கோழி வாங்கிற காசுதானாம். ரெண்டும் வெள்ளைக்காரன்ர நாடுதானே? அதேன் அங்கை ஒரு விலை, கனடாவிலை ஒரு விலை?"

ரீச்சர் வகுப்பில் நிற்பவரைப் போல நிதானமாக விளக்கினார். ஜேர்மனியில் நகரசபை மைதானத்தைக் கொடுக்கிறது. பழக்குபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் தகப்பன்மார்தான். தம்பி இருக்கும் இடத்தில் மைதானத்துக்கு வாடகை. பனி கொட்டும் மாதங்களில் மண்டபத்துக்கு வாடகை. பழக்குபவருக்குச் சம்பளம், நடுவருக்குச் சம்பளம், காலை முறித்துக்கொண்டால் என்று காப்புறுதி. எல்லாவற்றையும் பெற்றோரே சுமக்க வேண்டும்.

"அப்ப இஞ்சை ஆர் கட்டுறது?" என்று ஒருவர் கேட்டார்.

"இஞ்சை கடல் கட்டுது," என்றார் அருளப்பு.

ரீச்சருக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எதையும் தமக்கென்று கேட்டுப் பழகாதவர். கேட்கும்போது குரல் தாழ்ந்தது. "குறை நினைக்காதேங்கோ. யதுசனும் இந்தப் பாட்டுப் பிள்ளைதானே. இந்தப் பருவத்துப் பங்கை அவனுக்குக் குடுத்தால் என்ன?"

கனடாவில் இருப்பவனுக்கு வன்னியிலிருந்து காசு அனுப்புவதா என்று வேறெந்த ஊரிலாவது சிரித்திருப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை வேலிக்கு வெளியே நிற்கிறான் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. "நீங்கள் சொன்னால் சரி ரீச்சர்," என்றார் அருளப்பு.

அந்தப் பருவத்துப் பங்குக் காசு முழுவதையும், சாவடி கடக்கப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய்வரும் வியாபாரி யோகலிங்கம் கொண்டுபோனார். அது கொழும்பிலிருக்கும் ஸ்ரனிஸ்லஸின் மாமியாரிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்கு மாதாமாதம் அனுப்பும் செலவுக் காசைத் தம்பி அங்கே மகனுக்குக் கட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பாட்டுப் பிள்ளைகள் அந்தப் பருவம் முழுவதும் பழைய வலைத் துண்டுகளை உருட்டிக் கட்டிய பந்தையே உதைத்தார்கள். அது துள்ளாது. நனைந்துவிட்டால் கல்லாகிவிடும். கோல் காக்கும் பத்து வயதுக் கம்சாவின் சின்னவிரல் அதில் பட்டு வீங்கிக் கிடந்தது. அவள் ஒருநாளும் முறையிடவில்லை.

நன்றி சொல்லி வந்த கடிதத்தில் தம்பி இன்னொன்றும் கேட்டிருந்தான். பிள்ளைகளின் படமொன்று வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க. ரீச்சர் அவர்களுக்குக் கோயில் உடுப்பு உடுத்திப் படம் எடுக்கவே விரும்பினார். ஆனால் தம்பி, "நல்ல உடுப்பொன்றும் வேண்டாம் அக்கா, கடற்கரையில் உள்ளபடியே நிற்கட்டும்," என்று எழுதியிருந்தான். பிறந்த மண்ணின்மேல் அவனுக்கு எவ்வளவு ஏக்கம் என்று எண்ணி, அந்த வரியை வாசித்தபோது ரீச்சர் கண் கலங்கினார். அவன் கேட்டபடியே படத்தை எடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு வந்த கடிதம் இது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, சோளகக் காற்று வீசும் ஒரு காலை. வலையின் மடி கரையேறி, கீரி மீன் வெள்ளியாய்க் குவிந்து கிடந்தது. யோகலிங்கம் சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டுக் கடித உறையை நீட்டினார்.

"உடையுங்கோ ரீச்சர், மருமகன் யதுசன் எத்தினை கோல் அடிச்சவராம் எண்டு பாப்பம்," என்றார் மூக்கன்.

ரீச்சர் உடைத்தார். சுகம் விசாரிப்பு, குளிரைப் பற்றி நான்கு வரி, இங்கே வாழ்க்கை மிகவும் இறுக்கம் என்றும், சப்பாத்து அனுப்ப இந்த ஆண்டும் வசதிப்படவில்லை என்றும், பிள்ளைகள் மன்னிக்க வேண்டும் என்றும் சில வரி. கூடவே ஒரு படம். "யதுசன்!" என்று சொல்லி அதை மூக்கனிடம் கொடுத்தார். படம் கைமாறிக் கைமாறிப் பிள்ளைகளிடம் போனது.

"ஐயோ ரீச்சர், இது நாங்கள்!" என்று ஒருவன் கூவினான். "பின்னுக்குப் பாருங்கோ, நாங்கள் கனடாவிலை தொங்குறம்!"

பிள்ளைகள் துள்ளினார்கள். ரீச்சர் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். ஒரு பெரிய மண்டபம். முன்னால் யதுசனும் அவன் தோழர்களும், பளபளக்கும் சப்பாத்துகளோடு. பின்சுவரில் அகன்ற பதாகை. அதில் ஆள் உயரத்துக்குப் பெருப்பித்த அளம்பில் கரை. வெறுங்காலோடு, வலைப் பந்தை அணைத்தபடி இதே பிள்ளைகள். மேலே கொட்டை எழுத்தில்: இவர்களின் பாதங்களுக்கு உதவுங்கள்.

படத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் தமிழ் படிக்கத் தொடங்கிய ஒரு பிள்ளையின் உருண்டை எழுத்து. ரீச்சர் அதை ஒரு முறை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். எழுத்துகள் மாறவில்லை.

"பின்னுக்கு என்ன எழுதியிருக்கு ரீச்சர்?" அருளப்பு மீன் அளைந்த கையை மணலில் தேய்த்தபடி கேட்டார்.

"ஒண்டுமில்லை. மருமகன் எல்லாரையும் சுகம் கேட்டிருக்கிறான்."

அப்படிச் சொல்லத் தமக்கு வரும் என்று ரீச்சர் நினைத்திருக்கவில்லை. சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டார். மடியில் கிடந்த படத்தை, இன்னொரு முறை தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆவலில், கம்சா எடுத்தாள். திருப்பினாள். எழுத்தைக் கண்டால் உரத்து வாசிக்க வேண்டும் என்பது ரீச்சர் அவளுக்குப் பழக்கியிருந்த பழக்கம். எழுந்து நின்று, வகுப்பில் வாசிப்பதுபோலவே வாசித்தாள்:

"அன்புள்ள மாமிக்கு. இது அப்பா வைத்த விழா. நிறையக் காசு சேர்ந்தது. எனக்கும் தங்கச்சிக்கும் இந்த வருசக் கட்டணம் கட்டியாயிற்று. புதுச் சப்பாத்தும் வாங்கினோம். போன வருசக் கட்டணமும் இப்படி விழா வைத்துத்தான் கட்டினோம். யதுசன்."

அலை வந்து போயிற்று. "அப்ப போன வருசம் நாங்கள் அனுப்பின காசு?" என்றார் மூக்கன். அருளப்பு படத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது, அருளப்பு," என்றார் ரீச்சர். "ஆண்டவர் அறிய எனக்குத் தெரியாது."

"தெரியாது எண்டுதான் நாங்களும் நினைக்கிறம் ரீச்சர்." அவருடைய குரலில் கோபம் இல்லை. "ஆனால் இப்ப அதை வாசிச்ச பிறகும், சுகம் கேட்டிருக்கிறான் எண்டு சொன்னீங்கள்."

தம்பி செய்ததை அவன் தலையில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வசனம் ரீச்சருடையது.

அருளப்பு எழுந்து வழக்கம்போலவே பங்கிட்டார். கோயில் பங்கு, கயிற்றுப் பங்குகள். கடைசியாக இரண்டு கை அள்ளிப் பந்துப் பங்கையும் கொட்டினார். ரீச்சரின் கறிக்கென்று எப்போதும் வைக்கும் ஒரு பிடி மீனையும் மறக்கவில்லை. பூவரசம் இலையில் வைத்து இரு கையாலும் கொடுத்தார்.

"ரீச்சர், பந்துக் காசு இனி எங்களிட்டையே இருக்கட்டும். நீங்கள் வெயிலுக்குள்ளை நடக்க வேண்டாம். பிள்ளையை அனுப்புறன், பேணியைக் குடுத்து விடுங்கோ."

மத்தியானம் கம்சா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். ரீச்சர் அலுமாரியிலிருந்து பேணியை எடுத்து, சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, அவளுடைய கையில் வைத்தார். வீங்கிய சின்னவிரல் மட்டும் மடியாமல் நீட்டிக்கொண்டு நின்றது. கம்சா போகவில்லை. கரையில் ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரீச்சர், நான் பிழையா வாசிச்சிட்டனோ?"

ரீச்சர் அவளுடைய தலையில் கை வைத்தார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை."