காலில் அளந்த உப்பு

அந்த ஊரில் இரண்டு கிராம் உப்பு செவ்வாய்க்கிழமை அரைக் கரண்டியாக இருந்தது, புதன்கிழமை ஒரு குடமாக. வியாழக்கிழமை ஒரே கல்லாகச் சுருங்கியது. தையல்காரி அதை ஊசிமுனையால் எடுத்துக் கஞ்சியில் போட்டாள். எடை மாறவில்லை, அடைக்கும் இடம்தான் மாறியது. மற்ற வீடுகளில் நாக்கில் வைத்துப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்கள். அவளால் முடியாது. அவள் கணவருக்கு இதயம் தளர்ந்திருந்தது. நாளுக்கு இரண்டு கிராம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்: கூடினால் நெஞ்சில் நீர் கட்டும், குறைந்தால் நினைவு தப்பும். நாக்குக்குக் கிராம் தெரியாது.

நகைக்கடைத் தராசு இருந்தவரை காலம் ஓடியது. கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு மகள் ஊருக்குப் போனபோது தராசும் போனது. மளிகைக்கடைத் தராசின் முள் இரண்டு கிராமுக்கு அசையவில்லை. ஒரு கிலோ வாங்கி மேசையில் பரப்பி ஐந்நூறு பங்காகப் பிரித்துப் பார்த்தாள். முதல் பங்குகள் சுருங்கின, கடைசிப் பங்குகள் பொங்கி ஜன்னல் வழியே தெருவுக்குப் போயின. பிறகு கண்மதிப்பில் போட்டாள். கணவரின் கால்கள் தலையணை மாதிரி வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார்.

"ஊர்ல எல்லாருக்கும் அளவெடுத்துத் தைக்கிறீங்க," என்றாள் கூட இருந்த நாத்தனார். "எங்க அண்ணனுக்கு மட்டும் கண்ண மூடிட்டுக் கொட்டுறீங்களே அண்ணி."

"அப்ப நீயே போடேன்."

நாத்தனார் கரண்டியைத் தொடவில்லை. அவளுக்கும் பயம்தான்.

ஒரு காலை, வீக்கம் பார்க்கக் கணவரின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி மூடவில்லை. வேறு வழி தோன்றாமல் அதில் உப்பைக் கொட்டினாள். அன்று பொங்கும் நாள். ஒரு குடம் உள்ளே போன பிறகுதான் குழி நிறைந்தது. வழித்தெடுத்துக் கஞ்சியில் போட்டாள். அன்று கணவர் படுத்துத் தூங்கினார். மறுநாள் ஒரே கல் குழியை அடைத்தது.

"என் காலு என்ன உப்பு ஜாடியாடி?"

"ஆமா, ஆட்டாதீங்க. சிந்திடும்."

ஒரு வருடத்தில் வீக்கம் வடிந்தது. டாக்டர் பாராட்டினார். வீட்டுக்கு வந்து அழுத்தினால் குழி விழவில்லை. அவர் கத்தும்வரை அழுத்தினாள். உப்பில்லாமல் ஒரு நாள் ஓட்டினாள், மறுநாள் அவர் அவளைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். அவள் கஞ்சிப் பாத்திரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் எதிரே உட்கார்ந்து துணியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டாள். "என் கால்ல அமுக்கிப் பாருங்க அண்ணி. ஒரே ரத்தம்தான?"

நோயில்லாத காலில் விரல் மாவில் இறங்குவதுபோல இறங்கியது. சாயங்காலம் கணவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கஞ்சி கெட்டியாக இருக்கிறது என்று திட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது நாத்தனாருக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை இதே தெருவில் குடியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பெண் பார்க்க வருகிறவர்கள் காரணம் கேட்பதில்லை. எந்தக் கால் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.