மெதுவாக ஓடிய வீடு

கடிகாரம் பழுதுபார்ப்பவளுக்குக் கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் நடந்தபோது, அவள் வீட்டு மேசையிலிருந்து நழுவிய ஸ்பூன் தரையைத் தொட ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பாதி வழியில் பிடித்து மேலே வைத்தாள். வாரம் போகப் போக வீட்டுக்குள் நேரம் தேங்கியது. அடுப்பில் வைத்த தண்ணீர் மதியம்தான் கொதித்தது. அவள் கணவர் இயற்கை வாழ்வு பற்றிப் பேசிப் பேசி முப்பத்திரண்டு கேடயங்கள் வாங்கியவர். கடல் தந்ததை மனிதன் திருத்தலாகாது என்று அயோடின் கலந்த பாக்கெட் உப்பை வீட்டில் தடை செய்திருந்தார். உயிர்களிடமிருந்து பறிக்கலாகாது என்று பால், முட்டை, மீனுக்கும் அதே கதி. இப்போது அவர் செவ்வாய்க்கிழமை தொடங்கிய வாக்கியத்துக்கு வினைச்சொல் வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தது. அதுவரை அவர் எதையாவது ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

வீட்டிலேயே வேலை செய்கிற அவளுக்கு வேறு கவலை. ரேடியோவில் மணி சொல்லும்போதெல்லாம் பழுதுக்கு வந்த கடிகாரங்கள் பின்தங்கியிருந்தன. வீட்டின் மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை, கடிகாரங்களைத்தான் சந்தேகப்பட்டாள். கண்ணில் லென்ஸைச் செருகி, ஒவ்வொன்றையும் திறந்து, முள்ளை ரேடியோவுக்குச் சரியாக ஓட வைத்து அனுப்பினாள். அவை வாசல் தாண்டியதும் தலைதெறிக்க ஓடின. பள்ளிக்கூடம் சாப்பாட்டு நேரத்திலேயே விட்டது. ரயில் நிலைய அதிகாரி, பயணிகள் வருவதற்குள் இரண்டு ரயில்களை வழியனுப்பி வைத்தார்.

ஆறாம் மாதம், பகுதி நர்ஸ் தன் வாட்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இத வச்சு நாடி பாத்தா, காலைல வந்த அஞ்சு பேரும் செத்துப் போயிருக்கணும்மா. அதுல ஒருத்தர் என்கிட்ட சண்டை வேற போட்டாரு." சொல்லிக்கொண்டே செருப்பை உதறினாள். அது காற்றில் நிதானமாக இறங்குவதைப் பார்த்தாள். பிறகு கடிகாரக்காரியின் லேசாக வீங்கியிருந்த கழுத்தைப் பார்த்தாள்.

"புள்ள உதைக்குதா?"

"காலைல ஒரு உதை ஆரம்பிச்சுதுக்கா. இன்னும் முடியல."

நர்ஸ் சமையலறைக்குப் போய், வீட்டு உப்பில் சிறு புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். அயோடின் இருந்தால் நீலமாக வேண்டிய உப்பு வெள்ளையாகவே இருந்தது. கணவர் பெருமிதத்தோடு நிமிர்ந்தார்.

"அந்த வெள்ளைதான் சார் வினையே. அயோடின் இல்லன்னா அம்மாவோட கழுத்துச் சுரப்பி படுத்துடும். அத நம்பித்தான் புள்ளையோட மூளை வளருது."

அவர் மறுப்புரை ஒன்றைத் தொடங்கினார். எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் நர்ஸ், மனைவியின் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, அயோடின் மிகக் குறைவு என்ற முடிவை வாங்கி, டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கி, பாக்கெட் உப்போடு திரும்பி வந்துவிட்டாள்.

"புள்ளைக்கு ஏதாவது ஆயிருக்குமாக்கா?"

நர்ஸுக்குப் பொய் சொல்ல வராது. "முன்னாடியே வந்திருந்தீன்னா நல்லா இருந்திருக்கும். பொறந்தப்புறம் மாசாமாசம் பாத்துதான் சொல்ல முடியும்."

கடிகாரக்காரி கல் உப்பு ஜாடியை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள். மூன்று வாரத்தில் அந்த உதை முடிந்தது. உடனே இன்னொன்று வந்தது. கணவர் அதற்குள் கட்சி மாறி, அயோடினே அமுதம் என்று ஊர் ஊராகப் பேசினார். வீட்டில் நாலு மாத்திரையை ஒரே வாயில் மனைவிக்குக் கொடுக்கப் போனபோது, நர்ஸ் கையைத் தட்டிவிட்டாள். "அளவு மீறினாலும் அதே சுரப்பிக்குத்தான் கேடு சார். கேடயம் மாதிரி சேர்த்து வைக்கற சமாச்சாரமில்ல இது."

பெண் குழந்தை பிறந்தது. ஊர்க் காலண்டர்படி பதினொன்றரை மாதம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லாததால், குமாஸ்தா 'வழியில் தாமதம்' என்று எழுதிக்கொண்டார். மாதாமாதம் கடிகாரக்காரி வேலையை நிறுத்திவிட்டு, குழந்தையோடு நர்ஸ் எதிரில் உட்கார்ந்தாள். குழந்தை சத்தம் கேட்டுத் திரும்பியது, உட்கார்ந்தது, இரண்டு விரலால் அம்மாவின் மிகச் சிறிய கடிகாரத் திருகாணியைக் கிள்ளியெடுத்து வாயில் போடப் பார்த்தது. ஒரு நாள் அப்பாவின் உரையை நடுவில் விட்டுவிட்டு எழுந்து, நாலு எட்டு வைத்து, அம்மாவின் முழங்காலைப் பிடித்தது. வயதை எந்தக் காலண்டரிலிருந்து எண்ணுவது என்று இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் நர்ஸ் வளர்ச்சி அட்டையில், 'வீட்டுக் கணக்கு, ஊர்க் கணக்கு, இரண்டிலும் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அட்டை மேலதிகாரியிடம் போனது. அவர் முத்திரை குத்தி, அடுத்ததை எடுத்தார்.